மேடு இல்லாமல் நின்ற அலை

வெள்ளிக்கிழமை மதியம், ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆய்வு மாணவி பிரிசில்லா விமான இறக்கையின் மேலிருந்த மேட்டைக் கணினியில் அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். மேடு இல்லையென்றால் அலை ஆட வேண்டும். ஆடவில்லை. கோடு போட்டதுபோல் நின்றது.

மூன்று வருடமாக அவள் சொல்லிவந்தது இதுதான். ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் விமானத்தின் இறக்கை முதுகில் காற்று ஒலியையே முந்திவிடுகிறது. முந்திய காற்று ஓரிடத்தில் சட்டென்று வேகம் குறைந்தாக வேண்டும். அங்கே கண்ணாடித் தகடுபோல் மெல்லிய அழுத்தச் சுவர் ஒன்று எழுகிறது. அதுதான் அதிர்ச்சி அலை. அது முன்னும் பின்னும் ஆடினால் இறக்கையே உதறும். சுவரின் காலடியில் சின்ன மேடு ஒன்றை வைத்தால், ரோட்டில் வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட பைக் ஓட்டியைப்போல் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்கும், சுவர் அடங்கும். அதைக் காட்டித்தான் மாதிரி இறக்கையை நிஜக் காற்றில் நிறுத்திப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் காற்றுச் சுரங்கச் சோதனையை வாங்கியிருந்தாள். இப்போது மேடே இல்லாமல் நிற்கிறதென்றால், மேடு எதற்கு?

ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டிரேவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

“இன்னா பா இது? அலை நிக்கிற எடத்துல மட்டும் ஊசி குத்த எடமில்லாம கட்டம் போட்டிருக்க. பின்னாடி பாரு, ஃபுட்பால் கிரவுண்டு!”

அவளுக்கு உறைத்துவிட்டது. கணினி காற்றைக் கட்டம் கட்டமாகத்தான் கணக்கிடும். அலையை ஆட்டுபவை அதன் பின்னால் பிறக்கும் சின்னச் சுழல்கள். பெரிய கட்டத்தில் அவை அகப்படாமல் கரைந்துபோகும். ஆட்டுகிறவனே இல்லாதபோது எது ஆடும்? கணக்கு சீக்கிரம் முடியட்டுமென்று அவளே பெரிதாகப் போட்ட கட்டங்கள்.

அவளே போய்ச் சொன்னாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி சஹானா மேடம் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திங்கள் பத்து மணிக்குள் சரியான விடை வராவிட்டால் சோதனை வேறொருவருக்குப் போகும் என்று மட்டும் சொன்னார்.

“சின்னக் கட்டமா போட்டு ஓட்டு, என் கம்ப்யூட்டர் நேரக் கோட்டாவையும் எடுத்துக்கோ,” என்றான் டிரேவர். “திங்கக்கெழம உங்கம்மா கைக் கோலா உருண்ட வரணும்.”

“மேடு தோத்துச்சின்னா?”

“அப்பவும் உருண்ட உருண்டதானே.”

திங்கள் காலை, கோலார் தங்கவயலிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் ரயிலில், மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். டிரேவரின் செய்தி வந்தது: ‘ரெண்டு கணக்கும் முடிஞ்சுது. நான் பாக்கல. நீயே பாரு.’ மேடில்லாத இறக்கையின் வரைபடத்தை முதலில் திறந்தாள். ரம்பப் பல்போல் ஏறி, இறங்கி, ஏறி...

“ஆடுது!” என்று கத்திவிட்டாள்.

அதே ரயிலில் தினமும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் தனக்கோடி அக்கா எதிர் சீட்டில் திடுக்கிட்டு விழித்தாள். “என்னாடி ஆடுது, ரயிலா?”

“என் அலைதான் அக்கா! இது ஆடணும். இன்னொண்ணு அடங்கணும்.”

“ஆடுனாலும் சந்தோஷம், அடங்குனாலும் சந்தோஷமா? குடுத்து வெச்சவடி நீ.”

அடுத்து மேடுள்ள இறக்கையைத் திறந்தாள். போனில் சிக்னல் இழுத்தது, கோடு இடப்பக்கத்திலிருந்து புள்ளி புள்ளியாக நீண்டது. முதல் ஏற்றம் உயரமாக. இரண்டாவது கொஞ்சம் தாழ்ந்து. மூன்றாவது அதில் பாதி. தனக்கோடி அக்காவும் எழுந்து வந்து போன்மேல் குனிந்தாள். நான்காவது மெல்லத் தலைதூக்கியபோது ஒயிட்ஃபீல்டில் கூட்டம் ஏறி இடித்தது. டப்பாவை முழங்கையால் அணைத்தபடி, இரண்டு பெண்களும், அடங்குமா என்று அந்தச் சின்னக் கோட்டின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.