கழுத்துவரை ஜிப்

மூன்றாவது முறை கேட்டபோது செந்தில்நாதன் லத்தியால் பிக்கப் வண்டியின் கதவில் ஓங்கித் தட்டினான்.

"லைசென்ஸ எடுறா."

டிரைவர் எடுக்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இவனை மேலும் கீழும் பார்த்தான்.

"காட்டறனுங்க. மொதல்ல நீங்க யாருன்னு காட்டுங்க."

மஞ்சூருக்கு இரண்டு வளைவு கீழே, மாலை நான்கு மணி. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய மூடுபனி ரோட்டைப் பாதி விழுங்கிவிட்டது. செந்தில்நாதன் காலை எட்டிலிருந்து அங்கேயே நிற்கிறான். கூட வந்த ஏட்டு செல்லையா டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய் ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த டீ இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. பெருந்துறை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்தக் குளிர் ஏழு மாதமாகியும் ஒத்துவரவில்லை. ஊட்டியில் வாங்கிய கறுப்பு ஜெர்கினைக் கழுத்துவரை ஜிப் ஏற்றி, குரங்குக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்து, மூக்குக்கு மாஸ்க் போட்டு, காக்கிப் பேன்ட்டின் மேல் மழைப் பேன்ட்டையும் மாட்டியிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கண் மட்டும்தான். அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே காக்கி போட்டிருப்பவனுக்குத் தான் காக்கியில் இருக்கிறோம் என்பதில் என்ன சந்தேகம் வரும்?

பத்து நிமிடத்துக்கு முன்புதான் எஸ்.ஐ. மருதமுத்து வயர்லெஸ்ஸில் கத்தியிருந்தார். நாலு கேஸ்தான் வந்திருக்கிறது, அங்கே நின்று பனியை எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்று. ஸ்டேஷனில் எல்லோருடைய காதிலும் அது விழுந்திருக்கும். அந்த எரிச்சல் அப்படியே நெஞ்சுக்குள் கிடந்தது.

"யாருன்னா? போலீஸ்டா. எறங்குறா கீழ."

"கோவிச்சுக்காதீங்க. ஜெர்கினக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க. காக்கியப் பாத்துட்டா அடுத்த நிமிசம் குடுத்துர்றனுங்க."

பின்னால் வந்த பஸ் போக வழியில்லாமல் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். இரண்டு மூன்று செல்போன்கள் வெளியே நீண்டன. யாரோ ஒருவன் உள்ளேயிருந்து, "அவுத்துத்தான் காட்டுங்களேன் சார்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. செந்தில்நாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைத் திறந்து, டிரைவரின் காலரைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டான். முதல் அடி முழங்காலுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது முதுகில். அப்புறம் எங்கே விழுகிறது என்று அவன் பார்க்கவில்லை. அடிக்க அடிக்கக் கைவிரல்களில் சூடு ஏறியது. காலையிலிருந்து மரத்துக்கிடந்த கை அது. அந்தச் சூடு சுகமாக இருந்ததை அவன் பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்படுவான். அப்போது வெட்கமில்லை. பச்சைத் தேயிலை மூட்டை ஒன்று வண்டியிலிருந்து சரிந்து பிரிந்தது. டிரைவர் அந்தக் கொழுந்தின் மேல் புரண்டான். திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. இடது கை சட்டைப் பையை விடவே இல்லை. தலையைக் காக்க வலது கையை உயர்த்தினான். லத்தி மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் சிரிப்பு நின்றது.

வலியில் எழ முயன்றவன் இடது கையால் எட்டி செந்தில்நாதனின் ஜெர்கினைப் பிடித்தான். விழாமல் இருக்கத்தான் பிடித்தான். ஜிப் பாதிவரை பிய்ந்துகொண்டு இறங்கியது. மாஸ்க் ஒரு காதில் தொங்கியது. உள்ளே இருந்த காக்கியையும் முகத்தையும் டிரைவர் கீழேயிருந்து பார்த்தான். அவன் முகத்தில் பயம் போய் வேறென்னவோ வந்தது.

"நீங்களுங்களா சார்," என்றான். "ஸ்டேண்டுல மைக்குல நீங்கதானுங்களே சொன்னீங்க."

மூன்று வாரத்துக்கு முன் அரவேணு பக்கம் ஜெர்கின் போட்ட எவனோ ஒருவன் போலீஸ் என்று சொல்லி டிரைவர்களிடம் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மஞ்சூர் ஜீப் ஸ்டேண்டில் ஒரு கூட்டம் போட்டார்கள். மைக்கைப் பிடித்தது செந்தில்நாதன்தான். சீருடையில் இருக்கிற போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும், அது உங்கள் கடமை. போனில் இருந்தாலும் செல்லும். வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. காக்கியைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் எடுத்து நீட்டாதீர்கள், அது என் அப்பனாகவே இருந்தாலும் சரி. கடைசி வரிக்குக் கைதட்டல் விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவன் அதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது. இவன்தான். சில்வஸ்டர் என்று பெயர் சொன்னான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பஸ் பார்த்துக்கொண்டிருந்தது. செந்தில்நாதன் இன்னொரு முறை லத்தியை ஓங்கி அவன் தோளில் போட்டான். முன்னால் விழுந்த அத்தனை அடிக்கும் கோபம் என்று ஒரு பெயர் வைக்கலாம். இந்த ஒன்றை அவன் தெரிந்தேதான் அடித்தான், அடிக்கும்போதே அது தெரிந்தது.

சில்வஸ்டர் இடது கையால் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினான்.

"கேஸ் மட்டும் போட்றாதீங்க சார். குந்தாவுல கவர்மெண்டு டிரைவர் வேலைக்கு எடுத்திருக்காங்க. வெரிஃபிகேஷன் உங்க ஸ்டேஷன்லதானுங்க இருக்குது."

அன்று இரவு ஸ்டேஷனில் எஸ்.ஐ. மருதமுத்து ஹீட்டரில் குளிர்காய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சில்வஸ்டரை ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. அவன் லைசென்ஸ் மேஜை மேல் கிடந்தது. அதன் ஓரத்தில் கொழுந்துச் சாறும் ரத்தமும் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"எழுது. 'சீருடையில் வாகனத் தணிக்கையில் இருந்த என்னை'ன்னு ஆரம்பி. லைசென்ஸ் தர மறுத்தான், கெட்ட வார்த்த பேசுனான், புடிச்சுத் தள்ளுனான். ஜிப்பு கிழிஞ்சிருக்குதில்ல, அதுதான் சாட்சி. கழட்டாத, அப்படியே போட்டுட்டு இரு."

"அவரு என்னை டூப்ளிகேட்டுன்னு நெனச்சுட்டாருங்க ஐயா. ஜிப்பு மேல வரைக்கும் ஏத்தி இருந்துச்சுங்க."

"அவரா? எப்ப இருந்துடா அவரு ஆனான்?" எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "உள்ள காக்கி போட்டிருந்தியா இல்லையா?"

"போட்டிருந்தனுங்க."

"அப்ப எழுது. பஸ்ஸுல படம் புடிச்சிருக்கானுக. நீ எழுதுனா அவன்ற வேலை போகும். எழுதலீன்னா உன்ற வேலை. ஊட்ல போயி கேட்டுட்டு வர்றதுக்கு நேரமில்ல. நான் வர்றதுக்குள்ள முடிச்சு வை."

அவர் எழுந்து போய்விட்டார். செந்தில்நாதன் 'சீருடையில்' என்று எழுதினான். அதற்குப் பிறகு கை ஓடவில்லை. பொய் என்று சொல்ல முடியாத வார்த்தை அது. அதை அந்த இடத்தில் வைத்தால் ஒரு மனிதன் தலையில் மண் விழும். மூன்று மாதமாக அலைந்து வாடகைக்கு வீடு பிடித்தாயிற்று, மனைவி ரேஷ்மா அடுத்த வாரம் பிள்ளையோடு மலை ஏறி வருகிறாள். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் எப்படி நிற்பது? ஹீட்டர் சூட்டில் ஜெர்கினுக்குள் வேர்த்து ஊற்றியது.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நனைந்த குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அழுது முடித்த முகம். ஆனால் குரலில் அழுகை இல்லை.

"சில்வஸ்டரோட ஊட்டுக்காரிங்க. ஈவ்லின். எஸ்டேட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கறேன்."

அவன் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ரெண்டு எலும்பு முறிஞ்சிருக்குதுங்களாமா. பிளேட் வெக்கோணும்னு சொல்றாங்க. இனி ஸ்டீரிங் புடிக்க அந்தக் கை வருமா வராதான்னு டாக்டரே சொல்லலைங்க." மேஜையில் கிடந்த லைசென்ஸைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. "எடுத்து வச்சதுக்கு ரசீது தரோணுமாமா. அவரு நோட்டுல எழுதி வச்சிருக்கறாருங்க. நீங்களே சொன்னதுன்னு."

'நீங்களே' என்றது ஸ்டேஷனையா தன்னையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அடித்த ஆள் தான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவன் கை தானாக மேலே போய் ஜிப்பைப் பிடித்து இழுத்தது. பல் பிய்ந்த இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

ஈவ்லின் பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவன் எழுதிப் பாதியில் விட்ட தாளின் பக்கத்திலேயே வைத்தாள்.

"மனு எழுதோணுங்க. அடிச்சவரு பேரு தெரியாம எப்படி எழுதறது? அவரக் கேட்டா, விடு ஈவ்லின், கேஸ் போட்டுருவாங்கங்கறாரு. பேரச் சொல்ல மாட்டேங்கறாரு."

அவள் பார்வை கிழிந்த ஜிப்பில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் காக்கி தெரிந்தது. பெயர்ப் பட்டையின் கடைசிப் பாதியும் தெரிந்தது.

"நாதன்," என்று படித்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நிதானத்தோடு படித்து, அதைத் தாளில் எழுதினாள். முன்னால் இடம் விட்டுத்தான் எழுதினாள்.

"முன்னாடி என்னங்க சார்?"

பேனா அந்த இடத்தின் மேல் நின்றது. ஜெர்கினின் ஓரம் அவன் விரல்களுக்குள் இருந்தது.