கைராவின் மூன்று மாத்திரைகள்

கைரா பொய் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசு கொஞ்சம் லேசாகட்டும்.

திலெம்சன் ஊரில் எங்களுடையது ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. இருபத்தெட்டு வருஷமாக அங்கே நர்ஸாக இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நோயாளிகள் டாக்டர் ஜிலாலிக்குப் பயப்படுவதில்லை, எனக்குத்தான் பயப்படுவார்கள். கைரா மட்டும் பயப்பட மாட்டாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தினமும் பதினான்கு பிள்ளைகளின் கூச்சலைச் சமாளிப்பவளுக்கு என் கூச்சல் எம்மாத்திரம்?

போன வருஷம் ரமலானுக்குச் சற்று முன்னால் அவளுக்குத் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டோம். அதனால் ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை. அறுவையில் பக்கத்துச் சுரப்பிகளும் அடிபட்டதில் கால்சியம் குறைந்துபோனது, அதற்கும் மாத்திரை. வீட்டுக்கு அனுப்பும்போது நான்தான் சொல்லி அனுப்பினேன்: "தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல போடணும். கால்சியத்தச் சாப்பாட்டோட போடணும். மறந்தேன்னு வந்து நின்னே, தோலை உரிச்சிருவேன்."

மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் ரமலானின் மூன்றாம் வாரத்தில் பரிசோதனைக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது. வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உட்கார்ந்தபடியே கண் சொருகியது. ரத்தப் பரிசோதனையில் நாலுக்குள் இருக்க வேண்டிய தைராய்டு எண் முப்பதைத் தாண்டியிருந்தது, மருந்து உடம்பில் சேரவில்லை என்று அர்த்தம்.

டாக்டர் ஜிலாலி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாத்திரைய ரெட்டிப்பாக்கணும். அது போக, இந்த நிலைமையில வண்டி ஓட்டத் தகுதியில்லன்னு போக்குவரத்து ஆபீசுக்கு எழுதணும்மா. வேற வழி தெரியல."

கைராவின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "அப்படி எழுதிட்டீங்கன்னா பெருநாளைக்கப்புறம் பர்மிட்டப் புதுப்பிக்க மாட்டாங்க, டாக்டர். வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அந்த வண்டி இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"நாளைக்குக் காலையில எழுதுறேன்" என்றார் அவர். இரக்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உண்மையச் சொல்லு. மாத்திரை போடுறியா, இல்ல பூனைக்குப் போடுறியா?"

"ஒரு நாள் விட்டதில்லக்கா."

"எத்தன பேர் என்கிட்ட இதே வசனம் சொல்லியிருக்காங்க தெரியுமா?"

அவள் கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டது. "இன்னைக்கு நோன்பு திறக்க எங்க வீட்டுக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

போனேன். சூப் குடிக்கப் போகவில்லை, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

கைராவின் கணவர் மிலூத், தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். பேரீச்சம்பழம், பால், ஆவி பறக்கும் ஹரீரா சூப். கைராவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணியில் மூன்று மாத்திரைகள். பள்ளிவாசலில் சாயங்கால மக்ரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். கைரா பிஸ்மில்லாஹ் சொல்லித் தைராய்டு மாத்திரையை வாயில் போட்டாள். ஒரு டம்ளர் பாலை மடமடவென்று குடித்தாள். பழம் ஒன்று. உடனே கால்சியம். மூன்றாவது மாத்திரையைக் கடித்துச் சப்பினாள்.

"அது என்னடி?"

"நெஞ்செரிச்சலுக்குக்கா. பொரிச்சதத் தின்னா எரியுது. மருந்துக் கடையில வாங்குனேன். முன்னாடியே போட்டுட்டா எரியறதில்ல."

பேரீச்சம்பழம் என் கையிலேயே நின்றுவிட்டது.

"எத்தன நாளா இப்படி?"

"போன வருஷம் ஆபரேஷனால விட்டுப்போன நோன்பையெல்லாம் இந்த ரமலானுக்கு முன்னாடி முடிக்கணும்ல? அப்ப ஆரம்பிச்சேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெறும் வயித்துலன்னு நீங்கதானக்கா சொன்னீங்க? பாங்கு சொல்ற நேரத்துல இருக்கற வயித்தவிட வெறும் வயிறு எங்க இருக்கு?"

பாலிலும் சுண்ணாம்புச் சத்து, கால்சியத்திலும் அதே, நெஞ்செரிச்சல் மாத்திரையிலும் அதே. மூன்றும் சேர்ந்து தைராய்டு மாத்திரையை வயிற்றுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும். ரத்தத்துக்குப் போகவே விடாது. நடுவில் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை. நோன்பில் எப்படிப் போடுவாய் என்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் பாலும் பழமும் இல்லாமல் யார் நோன்பு திறக்கிறார்கள்? நானே அப்படித்தானே திறக்கிறேன்? வெட்கமாக இருந்தது.

"நீ ஒரு தப்பும் பண்ணலடி. தப்பு என்னோடது" என்றேன்.

மிலூத் கரண்டியைக் கீழே வைத்தார். "யமீனா அக்கா தன்மேல தப்புன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"சும்மா சூப்பக் குடிங்க" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். கால்சியம் நோன்பு திறந்து சாப்பிடும்போது. எரிச்சல் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொரித்ததைக் குறைக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டாக்டர் பேனாவை எடுப்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெட்டிப்பாக்கிராதீங்க டாக்டர். இனிமே ஒழுங்கா உள்ள போகும். ரெட்டிப்பா போனா நெஞ்சு படபடத்து வேற வம்பாயிரும்."

அவர் யோசித்தார். "சரி, அதே அளவே இருக்கட்டும். ஆனா ஆறு வாரம் அவங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. தற்காலிகம்னு எழுதுறேன், பர்மிட் போகாது. காரணம் கேப்பாங்களே, நோயாளி கவனக்குறைவுன்னு போடவா?"

"இல்ல. நர்ஸ் முழுசாச் சொல்லித் தரலன்னு போடுங்க. என் பேரையும் போடுங்க."

"அது ஃபைல்ல நிக்கும், யமீனாம்மா."

"நிக்கட்டும்."

ஆறு வாரமும் மிலூத் வேனை ஓட்டினார். கைரா பக்கத்தில் உட்கார்ந்து அவர் உயிரை எடுத்தாள். "இது தபால் மூட்டை இல்ல, பிள்ளைங்க, மெதுவா" என்று அவள் கத்துவது ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கும். வாரத்துக்கு வாரம் அந்தக் குரல் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு அதைவிட நல்ல பரிசோதனை முடிவு வேண்டியிருக்கவில்லை.

டாக்டருக்கு வேண்டியிருந்தது. பெருநாள் முடிந்து ரத்தம் எடுத்தோம். எண் மூன்றரை. கைரா காகிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்கக்கா."

"போய் ஓட்டுடி" என்றேன்.

அவள் அழுதாள், சிரித்தாள், மிலூத்திடமிருந்து சாவியைப் பிடுங்கினாள். அவர் முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போனார். "நீங்க பின்னாடி. அக்காவுக்கு வேலை முடிஞ்சிருச்சு, வீட்ல விட்டுட்டுப் போலாம்" என்றாள்.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக நல்ல காற்று. வளைவுகளில் வண்டி அலுங்கவே இல்லை. பின்னால் மிலூத் ஏதோ குறை சொன்னார், அவள் ஏதோ திருப்பிக் கொடுத்தாள், சரியாகக் காதில் விழவில்லை.

"இறங்குங்கக்கா, வீடு வந்துருச்சு" என்று கைரா என் தோளைத் தட்டி எழுப்பியபோதுதான், வழியெல்லாம் நான் தூங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது.