கடைசி வண்டியின் ஹாரன்

போன புரட்டாசி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சித்தூர் மார்க்கெட் சந்தில், வேங்கடாசலத்தின் பத்மினி கார் ஒரு எருமையைப் பார்த்து, "இந்த நாட்டுச் சோத்தத் துன்னுட்டு இந்த நாட்டையே கொற சொல்றவன்லாம் எல்லையத் தாண்டிப் போவட்டும்" என்றது. ஹாரனை அழுத்தினால் வர வேண்டிய சத்தத்துக்குப் பதிலாக வந்த பேச்சு அது. குரல் வேங்கடாசலத்தினுடையதேதான், காலையில் வெற்றிலை போடுவதற்கு முன்னால் இருக்கும் கரகரப்பு உட்பட. முந்தின நாள் சாயங்காலம் பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் தன் கையால் எழுதிய வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. எருமை ஒதுங்கிக்கொண்டது. தமிழ்நாட்டு எல்லை அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தினமும் தாண்டுகிற எல்லை. ஆகையால் சந்தில் நின்றவர்கள் அதைப் பெரிய சாபமாக எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தமல்லி விற்கிறவள் மட்டும், அந்தப் பக்கம் கட்டு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

வேங்கடாசலம் நேராகக் கட்டமஞ்சியில் இருக்கும் தேவசேனாவின் கடைக்கு வண்டியை விட்டார். வேறு எங்கே போவார்? ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷமாகக் கார்களுக்கு ஒயரிங் பார்க்கிறவள் அவள். சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் ஓடுகிற பழைய வண்டிகளில் அவள் கைபடாத விளக்கு கிடையாது. ஹாரனைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பாட்டரியில் நேராக ஒயரை வைத்துப் பார்த்தாள். வேங்கடாசலம் ஒயரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே வாக்கியத்தைச் சொன்னது. புது ஹாரன் ஒன்றை மாட்டினாள். அவர் அழுத்தினதும் புதுசும் அதையே சொன்னது. பிறகு தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து அழுத்தினாள். "ஓரம் கட்டுங்க, வந்துகினு இருக்கேன்" என்றது ஹாரன், தேவசேனாவின் குரலில். அவள் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி, ஹாரனில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொன்னாள்.

அவள் குழுவில் எழுதுகிற வாக்கியம் அது ஒன்றுதான். பதினோரு வருஷத்தில் அதை எத்தனை தடவை எழுதியிருப்பாளோ, அவள் விரலுக்குத்தான் தெரியும். குழுவில் முப்பத்தோரு பேர், முப்பத்தோரு வண்டி. மாங்கூழ்த் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற விஜயராகவன் ஆரம்பித்தது. ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா வண்டியும் சித்தூரில் கூடி, பாகாலா வழியாகப் பழைய சாலையிலேயே போய், திருமலை அடிவாரத்தில் அலிபிரியில் வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித் திரும்புவது வழக்கம். முன்னால் யாருடைய வண்டி போவது என்பதில் வருஷா வருஷம் சண்டை வரும். கடைசி வண்டி எது என்பதில் சண்டை வந்ததில்லை. அது தேவசேனாவின் நீலக் கான்டெஸா. டிக்கியில் கயிறு, பியூஸ், காயில், இரண்டு கேன் தண்ணீர். எவன் வண்டி நின்றாலும் கடைசி வண்டி நிற்கும், அது கிளம்பும்வரை கடைசி வண்டியும் கிளம்பாது. பதினோரு வருஷத்தில் ஒருத்தரையும் சாலையில் விட்டுவிட்டு அவள் அலிபிரி போய்ச் சேர்ந்ததில்லை. அவளுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான் என்றால் தப்பில்லை. சோறு போட்டதும் அந்த முப்பது வண்டிகள்தான்.

சண்டை வந்தது பெட்ரோல் குழாயில். திருப்பதியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் சுரேஷ்பாபு, தன் அம்பாசடரின் ரப்பர் குழாய் ஊறிப்போய் ஒழுகுகிறது, பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தானோ என்று குழுவில் கேட்டார். பெட்ரோலைக் குறை சொல்வது நாட்டைக் குறை சொல்வது என்று வேங்கடாசலம் எழுதினார். நாடு என்ன உங்கள் வீட்டு டாங்க்கா என்று சுரேஷ்பாபு எழுதினார். அங்கிருந்து, டெல்லியில் இருப்பவர்கள் இருக்கலாமா இறங்க வேண்டுமா, யார் எந்தச் சாமியைக் கும்பிடலாம், யார் எதைத் தின்னலாம், யார் எந்த மொழியில் பேசலாம், யாருடைய தாத்தா எங்கிருந்து வந்தார் என்று மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள் போயின. நடுவில் தேவசேனா, குழாயை மாற்றிக் கொடுக்கலாம் என்று, வழக்கமான அந்த ஒரு வரியை எழுதினாள். அதை யாரும் படிக்கவில்லை. நான்காம் நாள்தான் எருமை திட்டு வாங்கியது.

பத்து நாளைக்குள் முப்பது வண்டிகளின் ஹாரனையும் அது பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. கையால் எழுதினது மட்டும்தான் வரும், யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டது வராது. அப்படித் தள்ளிவிட்டே பெரிய பேச்சாளர் என்று பெயர் வாங்கியிருந்த ஆறு பேருடைய ஹாரன் வாயே திறக்கவில்லை, ஹாரன் இல்லாத வண்டி என்று அபராதம் கட்டினார்கள். வேங்கடாசலம் பூப்படம் போட்ட காலை வணக்கத்தை ஐம்பது தடவை அனுப்பிப் பார்த்தார், பலிக்கவில்லை. அவர் மனைவி கோவிந்தம்மாள் முன் ஸீட்டில் உட்கார்ந்து முதல்முறை அந்த ஹாரனைக் கேட்டபோது அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எங்கிட்ட முப்பது வருசமா கொழம்புல உப்பு இருக்குது இல்லன்றதத் தவிர ஒரு வார்த்த பேசாத மனுசன். உள்ள இவ்ளோ வெச்சிகினு இருந்தியா?" என்று கேட்டாள். பதிலை அடுத்த திருப்பத்தில் ஹாரன் சொன்னது.

வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ஊர் நினைத்தது. தேவசேனாவும் அப்படித்தான் நினைத்தாள். முதல் வாரம் வெட்கப்பட்டதும் உண்மை. இரண்டாம் வாரத்திலிருந்து ஹாரனுக்காகவே எழுத ஆரம்பித்தார்கள். நறுக்காக, எதுகை வைத்து, சிலர் தமிழில் ஒன்று தெலுங்கில் ஒன்று என்று எழுதி, காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு எதிராளியின் தெருவுக்கே போய் அழுத்தினார்கள். சேர்ந்து கார்புரேட்டர் கழுவின மனுஷர்கள். ஒருவர் பேரப்பிள்ளையின் காது குத்துக்கு மற்றவர் வந்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டவர்கள். குழு இரண்டானது. விஜயராகவன் பழைய குழுவில் ஒரு சட்டம் போட்டார்: இந்த வருஷ ஓட்டத்துக்கு வருகிறவர்கள், நான் நாட்டின் பக்கம் என்று ஒரு வரி கையால் எழுத வேண்டும், எழுதாதவர்கள் குழுவில் இல்லை. சுரேஷ்பாபு புதுக்குழுவில் அதே மாதிரி ஒன்று போட்டார்: நான் நாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் பக்கம். இந்தப் பக்கம் பதினேழு பேர் எழுதினார்கள், அந்தப் பக்கம் பதின்மூன்று. முப்பத்தோராவது ஆள் இரண்டிலும் எழுதவில்லை.

கடைசி வண்டி இல்லாமல் யாருக்கும் கிளம்பத் துணிச்சல் இல்லை. அதனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சுரேஷ்பாபு திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்து, "அக்கா, ஒக்க மாட்ட, ஒரே ஒரு வரி. உங்க மனசுல இருக்கறதுதானே" என்று தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சிவிட்டுப் போனார். மத்தியானம் விஜயராகவன் வந்தார். மறுநாள் பூஜைக்காக இப்போதே சாமந்தி மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்த பாட்டரி சார்ஜருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்து, எழுதிவிட்டால் முப்பதில் பதினேழு வண்டியாவது அவள் கடைக்கு வரும், எழுதாவிட்டால் ஒன்றும் வராது என்பதை மரியாதையாகச் சொன்னார்.

"எழுத மாட்டேன் சார்."

"அப்போ அவனுங்க பக்கமாம்மா நீ?"

"உங்க வண்டி பாகாலாவுல நின்னுதே, மழையில. காயில் மாத்துனேன். நீங்க எந்தப் பக்கம்னு கேட்டா மாத்துனேன்?"

"அது வேற. இது நாட்டு விஷயம்."

"எனக்கும் ஓட்டு இருக்குது சார். பொட்டியில போட்டுகினுதான் இருக்கேன். அத உங்க குரூப்புல போட மாட்டேன். எழுதுனா என் ஹாரன் அதத்தான் சொல்லும். நான் வர்றேன்னு சொல்லாது."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பழைய குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். நாலு இருபத்தைந்துக்குப் புதுக்குழுவில் அவளைச் சேர்த்து, ஐந்து மணிவரை காத்திருந்து, அங்கேயும் நீக்கினார்கள். தேவசேனா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கான்டெஸாவின் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்வலமும் ஒரே சாலையில் கிளம்பின. ஒருத்தருக்காக ஒருத்தர் நேரத்தை மாற்றிக்கொள்வது தோல்வி அல்லவா, அதனால் இருவரும் ஆறு மணிக்கே எடுத்தார்கள். பாகாலாவைத் தாண்டினதும் வெல்லம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. பதினேழும் பதின்மூன்றும் பக்கம் பக்கமாக மாட்டிக்கொண்டன. சிந்திய வெல்லத்தில் குளவி மொய்க்க, முப்பது வண்டிகளும் ஹாரனை அழுத்தின. ஊமை ஹாரன்காரர்கள் ஆறு பேரும் உறுதிமொழி எழுதியிருந்ததால் அவர்களுடையதும் அன்று பேசியது. எழுதியதெல்லாம் வெளியே வந்தது, தாத்தாக்கள் வந்த வழி உட்பட. பாகாலா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது என்கிறார்கள். ஒன்றரை மணி நேரம். நின்ற இடத்தில் இஞ்சின் மெதுவாக ஓடினால் டைனமோ பாட்டரிக்கு ஒன்றும் ஏற்றாது, ஹாரன் இருப்பதையும் குடித்துவிடும் என்பது பழைய வண்டிக்காரன் தூக்கத்திலும் சொல்லுகிற பாடம், அதைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூறு தடவை சொன்னதும் இவர்களேதான். அன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. முதலில் வேங்கடாசலத்தின் பத்மினி ஒரு வாக்கியத்தின் நடுவில் இழுத்து, முனகி, அணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக. எட்டரை மணிக்கு லாரியை நகர்த்தி வழி விட்டபோது, போவதற்கு உயிருள்ள வண்டி ஒன்றுகூட இல்லை.

சத்தம் நின்றதும் வெயில் ஏறுவது தெரிந்தது. உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முப்பது பேரும் போனைப் பார்த்தார்கள். கூப்பிட வேண்டிய பெயர் இரண்டு குழுவிலும் இல்லை. நேராகப் போன் பண்ண யாருக்கும் முகம் இல்லை. அப்போது சித்தூர்ப் பக்கத்துத் திருப்பத்துக்கு அப்பாலிருந்து, புளியமரங்களின் மறைவில், அந்தக் குரல் வந்தது: "ஓரம் கட்டுங்க, வந்துகினு இருக்கேன்." அடுத்த திருப்பத்தில் மறுபடி. முப்பது பேரும், தள்ள முடிந்த வண்டிகளை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

வருஷா வருஷம் எப்படியோ அப்படியே அவள் இருபது நிமிஷம் பின்னால் கிளம்பியிருந்தாள், வழியில் ஒரு பஞ்சர் ஆட்டோவுக்காக நின்றதில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். இறங்கி, யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். விஜயராகவன் எதிரே வந்து, குழுவில் இப்போதே திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று போனை எடுத்தார்.

"வேணாம் சார். குரூப்புல இல்லன்னா ரோட்டுல இல்லன்னு ஆயிடுமா? மொதல்ல அந்தப் பத்மினிய ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளுங்க. நாலு பேரு வேணும்."

பத்மினிக்கு அருகில் நின்றது சுரேஷ்பாபு. முன்வாரம் வேங்கடாசலத்தின் தெருவுக்கே வந்து எதுகையோடு திட்டியவர். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார். வேங்கடாசலம் பிறகு அவருடைய அம்பாசடரைத் தள்ளினார். சமாதானம் என்று நினைத்துவிடக் கூடாது; தள்ளும்போதே எத்தனாலைப் பற்றி இருவரும் வாதாடினார்கள், குரல் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு. பத்தேமுக்கால் மணிக்கு முப்பதாவது வண்டி கிளம்பியது. ஹாரன் அடித்தால் மறுபடி நின்றுவிடும், யாரும் தொடக் கூடாது என்று தேவசேனா சொல்லியிருந்தாள். முப்பது வண்டிகள் வாய் மூடி, யாருக்குப் பின்னால் யார் என்று பார்க்காமல், சந்திரகிரியைக் கடந்து அலிபிரி போய்ச் சேர்ந்தன. சத்தம் போட்டது கடைசி வண்டி மட்டும்தான். நூற்று இருபத்துநான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின.

குழுக்கள் இன்றும் இரண்டாகத்தான் இருக்கின்றன. திட்டும் குறையவில்லை, ஹாரன்கள் அதைச் சொல்வதும் நிற்கவில்லை. சித்தூர் எருமைகள் எந்தப் பக்கத்துக்கும் பாரபட்சமில்லாமல் ஒதுங்கப் பழகிவிட்டன. தேவசேனா இரண்டிலும் இல்லை. முப்பது வண்டிகளும் அவள் கடைக்குத்தான் வருகின்றன, ஒரு பக்கத்துக்குச் செவ்வாய், மறுபக்கத்துக்கு வியாழன் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவை அவள் ஒத்துக்கொள்ளாமல், வந்தவர் யாராயிருந்தாலும் அன்றைக்கே பார்த்து அனுப்புகிறாள். போன மாதம் பூதலப்பட்டு அருகே ஒரு பஸ், பின்னால் வந்த தேவசேனாவின் ஹாரன் குரலைக் கேட்டு ஓரம் கட்டி நின்றது. பஸ்ஸில் ஒரு கோளாறும் இல்லை. ஏன் நின்றது என்று வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்து ஸீட்டுக் கோவிந்தம்மாளைக் கேட்டார். "வந்துகினு இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டு, அவள் மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்கும் ஒரு இட்லி எடுத்து வைத்தாள்.