சின்ஸுக்கும் ஃபாருக்கும் நிற்க மாட்டோம்

2003-இல் ஓசூர் ரோட்டில் ஒரு கால் சென்டரில் தாரணிக்கு வேலை கிடைத்தது. திருப்பத்தூர்க்காரி. போனில் அமெரிக்கர்களோடு பேச விடுவதற்குமுன் ஆங்கிலப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லித்தந்தவர் ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பகுதியில் வசித்த கில்பர்ட். நாள், நேரம், வருஷம் இவற்றை ஆங்கிலத்தில் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அப்படிச் சொன்னவர் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும்.

அன்று முனிகிருஷ்ணன் மாட்டினார். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர், வகுப்பிலேயே மூத்தவர். பழைய வேலையைப் பற்றிக் கேட்டதும், “ஐ வொர்க்ட் தேர் சின்ஸ் ட்வெல்வ் இயர்ஸ்” என்றார்.

“இந்த வயசுல சின்ஸ் எங்க வரும், ஃபார் எங்க வரும்னு தெரியல. ஸ்டாண்ட் அப்.”

அவர் எழுந்தார்.

“உக்காருங்கண்ணா,” என்றாள் தாரணி. கில்பர்ட் திரும்பினார். “தப்பைச் சொல்லுங்க சார், திருத்திக்கிறோம். இனிமே நிக்க மாட்டோம்.”

மேனேஜர் சிவசங்கரன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். “கில்பர்ட்கிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா. விஷயம் முடிஞ்சிரும்.”

“எதுக்கு சார்? ஏன் தப்புன்னு அவரு ஒரு தடவைகூடச் சொல்லல. நிக்க மட்டும்தான் வெச்சாரு.”

“சாரி இல்லேன்னா வேலையும் இல்ல.”

“சரி சார்.”

பையை எடுக்க அவள் வகுப்புக்குள் வந்தாள். விஷயம் தெரிந்ததும் முனிகிருஷ்ணனும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார்.

“வேணாண்ணா. உங்களுக்குக் குடும்பம் இருக்கு.”

“இருக்கும்மா. அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?”

பின் வரிசையில் இளவேனில் பையோடு எழுந்தாள். அப்புறம் அந்த வரிசையே எழுந்தது.

திங்கட்கிழமை இந்த ஆட்களைப் போனில் உட்கார வைப்பதாகச் சிவசங்கரன் அமெரிக்கக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாசலில் நின்று பார்த்தவர், “எல்லாரும் உக்காருங்க. இனிமே யாரும் நிக்க வேணாம். தாரணி, நீயும்தான்,” என்றார்.

கில்பர்ட்டின் முகம் சிவந்துவிட்டது. போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: “தொடங்கின வருஷத்தைச் சொன்னா சின்ஸ். எவ்வளவு காலம்னு சொன்னா ஃபார்.”

“ஐ வொர்க்ட் தேர் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்,” என்றார் முனிகிருஷ்ணன்.

“கரெக்ட்.”

மறுநாள் தாரணியே தப்பாகச் சொன்னாள். பஸ் தாமதமானதைச் சொல்லும்போது “டுடே மார்னிங்” என்று வந்துவிட்டது. கில்பர்ட்டின் கை பழக்கத்தில் பாதி உயர்ந்து, தாழ்ந்தது.

“திஸ் மார்னிங்,” என்றார்.

“திஸ் மார்னிங்,” என்றாள் அவள், உட்கார்ந்தபடியே.