எருமைத்தோல் தடுப்பு

பேகம்பூரில் நாசர் குடியேறிய அடுக்குமாடி வீடு முதல் கோடையிலேயே சுருங்க ஆரம்பித்தது. வெயில் ஏற ஏறக் கூடம் ஒடுங்கும். சாயங்கால அஸர் தொழுகைக்குள் சோபாவில் பாதி வாசலுக்கு வெளியே நிற்கும். பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தப்பு நாசருடையது. தோல் பதனிடும் ஷாப் மூடியபின் பெரிய வீட்டை விற்றுவிட்டு, ஒரு கூடமும் ஒரு அறையுமான இந்த வீட்டுக்கு வந்தார். ரெட்டியார்சத்திரத்தில் வாழப்போன மகள் இஃப்பத் புருசனிடம் அடிபட்டுக் கைப்பிள்ளையோடு திரும்பியிருந்தாள். ஆசாரி சூசைமாணிக்கம் சுவரோடு அலமாரி அடித்தார், கட்டிலுக்கடியில் பெட்டி வைத்தார், சாப்பாட்டு மேசையைச் சுவரில் மடக்கினார். மகளுக்காகக் கூடத்தைப் பிரிக்கப் பலகைத் தடுப்பு போடுவோம் என்றார். நாசர் கேட்கவில்லை. ஷாப்பில் ஈரத்தோலை இழுத்துச் சட்டத்தில் ஆணியடித்துத்தான் காயவிடுவார்கள். அதேபோல ஒரு எருமைத்தோலை ஈரமாகவே இரண்டு சுவருக்கும் இழுத்து அடித்தார். ஷாப்பில் சட்டம் தாங்கும். இங்கே சுவர் தாங்கவில்லை, தோல் காய்ந்து சுருங்கச் சுருங்கக் கூடவே வந்தது.

"சுவத்துல எருமையைக் கட்டி வச்சிருக்கீகளே, புத்தி அம்புட்டும் தோலுக்குள்ளயா கெடக்கு?" என்றாள் மனைவி உம்மு சல்மா.

நாசர் தோலில் கத்தி வைத்துப் பார்த்தார். அறுத்த அளவுக்குச் சுவர் பிளந்து எதிர்வீட்டு டிவி தெரிந்தது. கத்தியை எடுத்ததும் மூடிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் தோல் தளரும். காய்ந்தால் முன்னைவிட இறுகும். லாரித் தண்ணீரை நம்பி இருக்கிற ஊரில் எவ்வளவுதான் ஊற்றுவது? இஃப்பத் அலமாரிக்குள் கால் நீட்டிப் படுத்தாள். பிள்ளையைக் கீழ்த்தட்டில் கிடத்தினாள்.

"அத்தா, நான் அங்கயே போயிரவா?"

"போனா மையத்தாத்தான் தூக்கிட்டு வருவாக. பேசாம படு."

கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுக்குக் கூடம் வந்த அன்று, நாசர் நடுவில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினார். சுவர் நின்றது. தண்ணீர் குடிக்க ஒரு கையை எடுத்தார். பிள்ளையின் தலைமாட்டில் பலகை நெரிந்தது. மறுபடி கையை வைத்தவர் பிறகு எடுக்கவில்லை.

தொழுகை கண்ணசைவில் நடக்கிறது. சல்மா சோறு ஊட்டிவிடுகிறாள். இஃப்பத் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். பிள்ளை அவர் காலைப் பிடித்து நடை பழகி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வருகிறவர்கள் குனிந்து அவர் கைக்கடியில் நுழைந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். மழைக்காலத்தில் துவைத்த துணியைச் சல்மா அந்தக் கைகளில்தான் காயப்போடுகிறாள்.

"வலது கையைச் செத்த உசத்துங்க, சேலை தரையில தட்டுது."

உயர்த்தினார்.