நேரில் பார்த்தது

கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் காம்பஸ் என்று பெயர். வைத்தது அவனுடைய அக்கா புருஷன். கண்ணைக் கட்டி எங்கே கொண்டுபோய் விட்டாலும் வடக்கு எது, தெற்கு எது என்று என் மச்சினன் சொல்லிவிடுவான் என்று அத்தான் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அள்ளி விட்டார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. யாராவது புகழ்ந்தால் காம்பஸுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

குழுவில் சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேர், நடக்கிறவர்கள் எட்டுப் பேர். முன்பெல்லாம் யாராவது ஒருவர் முன்னால் போவார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய் வழி தவறுவார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட, வழி வரைகிற சாப்ட்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று பேசினார்கள். பொறுப்பை ஏற்றவள் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். லைப்ரரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் நான்கு சாப்ட்வேர்களை மூன்று மாதம் போட்டு அலசினாள். ஏற்றம் காட்டுகிறதா, தார் ரோடா மண் பாதையா என்று சொல்கிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் மேப் திறக்கிறதா, பூட்டிய கேட் தெரிகிறதா என்று கட்டம் கட்டி, அதே மூன்று வழிகளில் நான்கு முறை நடந்து மார்க் போட்டாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பளபளவென்று கண்ணைப் பறிக்கும். ஆனால் லாரி ஓடுகிற சாலைக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் அதில் ஒரே நிறம். இன்னொன்று சரியான அழுமூஞ்சி. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாது. லைப்ரரி அழுமூஞ்சிக்குத் தொண்ணூற்றொன்று போட்டாள். இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

அவள் ஒரு விதியும் வைத்தாள். சாப்ட்வேர் தானாகப் போடும் வழியை அப்படியே பகிரலாம். ஆனால் கோட்டைப் பாதையோடு ஒட்டவைக்கிற பொத்தானை அணைத்துவிட்டு யாராவது கையால் கோடு இழுத்தால், இழுத்தவரே அந்த இடத்துக்குப் போய் நடந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு குழுவின் பட்டியலில் 'நேரில் பார்த்தது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். காம்பஸ் இரண்டு முறை ஆட்டினான்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். ஏரிக்கு அப்பால் இருக்கிற காற்றாலை வரைக்கும் ஒரு தடவையாவது சைக்கிளில் போய்விட்டு வர வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"நாப்பது கிலோமீட்டருக்குள்ள முடிச்சுக் குடுடா. அதுக்கு மேல போனா என் முட்டி சண்டைக்கு வரும்" என்றார்.

சாப்ட்வேர் நாற்பத்தாறு காட்டியது. முடியாது அத்தான் என்று சொல்லியிருக்கலாம். பெயர் வைத்தவர் முன்னால் அந்த வார்த்தை வருமா?

"நாப்பது என்ன, முப்பத்தொம்பதுல முடிக்கிறேன் பாருங்க."

செங்கல் சூளைக்குப் பின்னால் வழி பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு போனது. செயற்கைக்கோள் படத்தில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பாதைதான், வேறென்ன! பொத்தானை அணைத்தான். சூளையிலிருந்து ஏரிக்கரைக்கு ஒரே இழுப்பு. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. 'இந்தப் பகுதி சரிபார்க்கப்படவில்லை. தொடரவா?' என்று அழுமூஞ்சி பணிவாகக் கேட்டது. தொடர் என்று அமுக்கினான். வியாழக்கிழமை கடை லீவு. அன்றைக்குப் போய் நடந்து பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். வியாழனன்று லேசாகத் தூறியது. சாப்பிட்டான், படுத்தான், தூங்கினான். சாயங்காலம் எழுந்து டிக் போட்டான்.

அந்த ஞாயிறு கடையில் புது மெஷின் இறக்கினார்கள், அவனால் போக முடியவில்லை. அத்தான்தான் எல்லோருக்கும் முன்னால் போனார். போன் 'நேராகச் செல்லவும்' என்றது. மச்சினன் போட்ட வழி ஆயிற்றே, நேராகப் போனார். படத்தில் தெரிந்த வெள்ளைக் கோடு பாதை இல்லை, வாய்க்காலின் சிமெண்டு விளிம்பு. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல். சைக்கிளோடு உள்ளே விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைக்க வேண்டியதாயிற்று. லிப்ட் மெக்கானிக்குக்குக் கைதானே எல்லாம். பழையபடி ஸ்பானர் பிடிக்க வருமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

செய்தி காம்பஸுக்குக் கடையில் வந்து சேர்ந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினானா என்றால், இல்லை. கடை வாசலில் நின்று குழுவின் பட்டியலிலிருந்து அந்த வழியை, டிக்கோடு சேர்த்து, அழித்தான். பிறகு குழுவுக்கு ஒரு செய்தி போட்டான்: "சாப்ட்வேர் கண்ட இடத்துல கோடு போட்டிருக்கு. வேற யாரும் போய் விழுந்துடக் கூடாதுன்னு அழிச்சுட்டேன்." அக்கா, அத்தான், அவன் நீங்கலாகப் பாக்கிப் பதினேழு பேரும் கும்பிடு போட்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் என்ன நிதானம் என்று குழுவில் இருக்கிற பல் டாக்டர் தனியாக வேறு பாராட்டினார். லைப்ரரியும் கும்பிட்டிருந்தாள்.

அப்புறம் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டில்தான் இருந்தான். மாத்திரை வாங்கி வந்தான், தலையணையைச் சரிசெய்தான், கேட்காத வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கா பக்கத்து வீட்டில் சொன்னது அவன் காதில் விழுந்தது. அத்தானுக்கு இடது கையால் சாப்பிட வராது. அக்கா ஊட்டிவிடுவாள். சின்னப் பிள்ளை மாதிரி அந்தப் பெரிய மனிதர் வாயைத் திறப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பான். அவனுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்காது.

லைப்ரரியும் இரண்டு முறை வந்தாள். உள்ளே வரக் கூசிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னாலதாங்க. இன்னும் கொஞ்சம் நல்லா சோதிச்சிருக்கணும். மூணு வழியும் மறுபடி நடந்து பாத்தேன், எங்க தப்பு பண்ணுதுன்னே கண்டுபிடிக்க முடியல" என்றாள்.

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காம்பஸ் டீ டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். தான் எவ்வளவு கேவலமான ஆள் என்று அவனுக்கு அன்றைக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் அத்தான் புதுப் போன் வாங்கியிருந்தார். பழையதன் திரை வாய்க்காலில் விழுந்து சிலந்தி வலையாகியிருந்தது.

"இதுல இருக்கறதெல்லாம் புதுசுக்கு மாத்திக் குடுடா. ஒத்தக் கையால ஒண்ணும் முடியல."

மாற்றிக்கொண்டே வந்தவன் விரல் நின்றது. பட்டியலில் அழித்த வழி இதற்குள் பத்திரமாக இருந்தது. வளைந்து நெளிந்து வருகிற நீலக் கோடு சூளைக்குப் பின்னால் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடியது. விவரம் தெரிந்த யார் பார்த்தாலும் புரிந்துவிடும். ஒரு அமுக்கு அமுக்கினால் போயிற்று. அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி, "மத்ததெல்லாம் போனாலும் பரவால்ல, அந்தக் காத்தாலை வழி மட்டும் இருக்கட்டும்" என்றார்.

"எதுக்கு அத்தான்?" என்றான் காம்பஸ்.

"கை சரியானதும் ஒருநாள் மெதுவா போய்ப் பாக்கணும்டா. எல்லாரும் சாப்ட்வேர் சாப்ட்வேர்னு அந்தப் பொண்ணத் திட்றாங்க. எனக்கு என்னவோ நான்தான் திரும்ப வேண்டிய எடத்துல திரும்பாம விட்டுட்டேன்னு தோணுது. நீ பாத்துப் போட்ட வழி, தப்பாவா இருக்கும்?"

அவன் அழிக்கவில்லை. அதை நேர்மை என்று சொன்னால் அபாண்டம். அவர் கண் முன்னால் அமுக்கத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நூலக மாடியில் இருபது பேரும் கூடினார்கள். பல் டாக்டர்தான் கூட்டத்தை நடத்தினார். லைப்ரரி எழுந்து தன் காகிதத்தைப் பிரித்தாள். தொண்ணூற்றொன்றை அடித்து நாற்பது என்று எழுதியிருந்தாள்.

"என் சிபாரிச வாபஸ் வாங்கிக்கறேன். இனிமே இந்தப் பொறுப்பு வேற யாராவது எடுத்துக்கோங்க."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பளபளப்புக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார் டாக்டர். கைகள் எழும்பின. அத்தானும் இடது கையைப் பாதி தூக்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றான் காம்பஸ். அத்தானின் சட்டைப் பையிலிருந்து புதுப் போனை எடுத்து, அந்த வழியைத் திறந்து லைப்ரரியின் கையில் கொடுத்தான்.

"இது சாப்ட்வேர் போட்ட கோடு இல்ல. நான் இழுத்தது."

அவள் திரையைப் பார்த்தாள். "பொத்தான அணைச்சீங்களா?"

"ஆமா."

"டிக்?"

"போட்டேன். ஆனா போய்ப் பாக்கல. அதான் அன்னைக்கே அழிச்சேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உட்கார்ந்து, நாற்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி தொண்ணூற்றொன்று எழுதினாள். எழுத ரொம்ப நேரம் பிடித்தது. அத்தான் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அக்காதான் பேசினாள், அதுவும் மெதுவாக.

"மூணு வாரமா நான் அவருக்கு ஊட்டிவிடறத எதிர்லயே உக்காந்து பாத்துட்டு இருந்தியேடா."

அழுமூஞ்சிக்குப் பத்தொன்பது வாக்கு விழுந்தது. கை தூக்காதவன் அவன் ஒருவன்தான்.

அடுத்த வியாழக்கிழமையும் தூறல்தான். காம்பஸ் செங்கல் சூளை வரை சைக்கிளில் போய், அங்கே நிறுத்திவிட்டு, தான் இழுத்த கோட்டிலேயே நடந்தான். வாய்க்கால் எங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. நடந்து வருகிற எவனுக்கும் பத்தடி தூரத்திலேயே தெரிந்திருக்கும். உள்ளே அத்தானுடைய சைக்கிள் மணியின் மூடி கிடந்தது. இறங்கி எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தான். ஏரிக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

சூளைச் சுவரோரம் நின்று, வாய்க்காலை எடுத்திருந்த போட்டோவைக் குழுவுக்கு அனுப்பினான். 'சூளைக்குப் பின்புறம் பாதை இல்லை, வாய்க்கால். நேரில் பார்த்தது.' இந்த முறை யாரும் கும்பிடு போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தானிடமிருந்து அவனுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அந்த மூன்று வார்த்தைக்கு இடது கையால் எவ்வளவு நேரம் தட்டினாரோ.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒரு மணி நேரம் என்று அடித்தான். அழித்தான். அரை மணி என்று அடித்து அதையும் அழித்தான்.

"போக வர பதினெட்டு நிமிஷம், அத்தான்" என்று அனுப்பினான்.