சாமி அரக்கோணம் போகணுமாம்

என் நைனா சாகப்போகிறார் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சுற்றி நின்ற கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைப் படிக்கட்டில், தோளில் பூக்காவடியோடு நைனா உதறிக்கொண்டிருந்தார். கை, தாடை, முழங்கால் எல்லாம் ஆடின. வேர்வையில் மஞ்சள் வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வேட்டியில் இல்லாத எறும்புகளைத் தட்டித் தட்டி விட்டார்.

"முருகன் ஏறிக்கினான்டோய்!" அம்மாவின் தம்பி தங்கவேல் மாமா பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "இன்னும் வேகமா அடிங்கடா!"

ஏறியது முருகன் இல்லை. இறங்கியது சாராயம்.

பொதட்டூர்பேட்டையில் கைலி நெய்கிறவர் நைனா. மதுவிலக்கு இருந்தவரை அடங்கியிருந்தார். யுத்தத்தின் நடுவில் சர்க்கார் மறுபடி கடையைத் திறந்தது. அன்றிலிருந்து பல் விளக்குவதற்கு முன்பே ஒரு கிளாஸ் உள்ளே போகாவிட்டால் தறியில் நாடாவைப் பிடிக்கக் கை நிற்காது. அம்மா செய்யாத வைத்தியமா? குழம்பில் ஏதோ பொடி கலந்தாள். குழம்பை வாந்தியெடுத்துவிட்டுச் சாராயம் குடித்தார். தர்காவில் தாயத்து மந்திரித்துக் கட்டினாள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் பொழுது சாயும்வரை தாங்கியது.

அரக்கோணத்து டாக்டர் சடகோபனிடம் நான் போனேன். "இவ்வளவு குடிக்கிறவரை ஒரேயடியா நிறுத்த விட்டுடாதேம்மா. நரம்பு தறிகெட்டு வலிப்பு வரும், உயிரே போகும். இங்கே கூட்டிக்கிட்டு வந்து படுக்கவை. மருந்து கொடுத்துத் தூங்கவைச்சு, ஊசி போட்டு, மெல்லக் கரையேத்தலாம்" என்றார். கரையேற்றலாம்! இத்தனை வருஷத்தில் ஒருவராவது இதை வியாதி என்று சொன்னார்களா? சந்தோஷத்தில் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்தால் நைனாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாமா காவடிக்குக் காப்புக் கட்டிவிட்டிருந்தார். காப்புக் கட்டியவன் காவடி செலுத்தும்வரை ஒரு சொட்டு தொடமாட்டான். எங்கள் ஊர் மொடாக்குடியன்கூட இதை மீறியதில்லை. அதுதான் எனக்குப் பயம். ஆஸ்பத்திரி என்றேன். "காப்பு கட்டின கையோட அந்தத் தீட்டுக்குள்ளயா?" என்று அம்மாவே வாயை அடைத்துவிட்டாள்.

குடி நின்று மூன்றாம் நாள். இப்போது பொய்கைப் படியில் ஒருத்தி நைனாவின் காலில் விழுந்தாள். "முருகா, என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?"

"எறும்பு... எறும்பு..." என்றார் நைனா.

"எறும்புக்கு அரிசி போடச் சொல்லுதுமா!" என்று பலன் சொன்னான் ஒருவன்.

"இது வியாதி! விடுங்க அவரை!"

"பி.ஏ. படிச்சா சாமியவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடுவியா?" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. சாமி வந்தவரை என்ன வேண்டும் என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டதை மறுக்க ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. கற்பூரத் தட்டைப் பிடுங்கி நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முருகா! எங்க போவணும்? அரக்கோணமா?"

தலை மேலும் கீழும் ஆடியது. மலைக்கா என்று கேட்டிருந்தாலும் ஆடியிருக்கும். நான் கேட்கவில்லை.

"சாமி அரக்கோணம் போகணுமாம்!"

"அரக்கோணத்துல இன்னா கீது?" மாமா விழித்தார்.

"சாமியையே கேள்வி கேக்கறியா மாமா?"

கூட்டம் அவர் பக்கம் திரும்பி முறைத்தது. அவ்வளவுதான். காவடியோடு நைனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைலி மூட்டை ஏற்றுகிற மெஹபூப் பாஷாவின் லாரி கடைத்தெரு முனையில் நின்றது.

"பாய், உடனே கெளம்புமா?"

"கரி வண்டிம்மா. அடுப்ப ஊதினாத்தான் உசுரு வரும்."

சண்டை முடிந்தும் பெட்ரோல் ரேஷன் முடியவில்லை; லாரிகள் கரிப்புகையில்தான் ஓடின. ஊதுவிசிறியின் கைப்பிடியை ஆள் மாற்றி ஆள் சுழற்றினார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அரோகரா. "இந்த மாதிரி ஆளு தினம் கெடைச்சா வண்டி பறக்கும்மா!" என்றார் பாஷா. எஞ்சின் இருமியது, உறுமியது, கிளம்பியது. அம்மா, மாமாவோடு பம்பைக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். எனக்குப் பயம். கூடவே சிரிப்பும் வந்தது. முருகனே வழிவிடச் சொன்ன மாதிரி சாலையில் வந்த காவடிகள் எல்லாம் ஒதுங்கின!

பாதி வழியில் வலிப்பு வந்தது. நைனாவின் கண் மேலே செருகியது, வாயில் நுரை. அம்மா அவர் தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். பம்பை நின்றது.

"பாவா!" மாமா டிரைவர் பக்கத் தகரத்தில் அறைந்தார். "பாஷா பாய், அழுத்துங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கிளாஸில் மருந்தோடு வந்தார். நினைவு கொஞ்சம் திரும்பியிருந்த நைனா மோந்து பார்த்தார். மூக்கைத் துளைக்கிற நெடி. பல்லை இறுக்கிக்கொண்டார்.

"சாராயம்... கையில காப்பு கீது..."

"மருந்துய்யா. குடிக்கலேன்னா மறுபடி வலிப்பு வரும்" என்றார் டாக்டர்.

நைனா தலையைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷமாக யார் சொல்லியும் விடாதவர், இப்போது உயிரே போனாலும் தொடமாட்டாராம்! எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

அம்மா எழுந்தாள். நைனாவின் மணிக்கட்டிலிருந்து காப்பை அவிழ்த்தாள். "கைய நீட்டு" என்றாள் என்னிடம்.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லைம்மா."

"உன் நம்பிக்கைய எவ கேட்டா? கைய நீட்டுடி!"

நீட்டினேன். என் கையில் முடிச்சு விழுவதைப் பார்த்துவிட்டு நைனா வாயைத் திறந்தார்.

அவர் தூங்கிய பிறகு மாமா காவடியோடு வந்து நின்றார். "ஏறவேண்டியது நீதான், பி.ஏ." இந்த முறை கேலி இல்லை. அன்று மாலை திருத்தணிக்குத் திரும்பி வெறுங்காலோடு மலை ஏறினேன், பின்னால் பம்பை அடிக்க.

அந்த வாரக் கடைசியில் நைனா தானாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

"ஏறினியாமே? சாமி வந்துச்சா?"

"வரல நைனா. கால்வலிதான் வந்துச்சு."

அவர் சிரித்தார். கையில் டம்ளர் ஆடியது. கஞ்சி சிந்தவில்லை.